ஈயம் சென்ற தடத்தில் மக்கள்: கிள்ளான் பள்ளத்தாக்கின் கொமுட்டர் இரயில்

நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவோரை ஏற்றிச்செல்லும் இரயிலுக்கு நம் நாட்டில் ‘கொமுட்டர்’ என்னும் பெயர் 1995ஆம் ஆண்டில் வந்தது. அச்சொல் பயணச்சீட்டிலிருந்து பிறந்தது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க இரயில் நிறுவனங்கள், ஒரே வழியில் அன்றாடம் போய்வருவோரிடம் ஒவ்வொரு பயணத்திற்கும் தனிக்கட்டணம் பெறுவதை விடுத்து, குறைத்த தொகையொன்றை மொத்தமாகப் பெற்றுக்கொண்டு ஒரு சீட்டை வழங்கின. கட்டணத்தை அவ்வாறு மாற்றிக் குறைத்ததைக் குறித்த வினைச்சொல்லே நாளடைவில் அச்சீட்டை வைத்திருந்தவருக்கும், பின்னர் அவர் ஏறிய வண்டிக்கும் பெயராயிற்று. மலாய்மொழி ‘பெருலாங் அலிக்’ என்று போய்வரும் செயலையே சொல்கிறது. தமிழ்நாட்டார் ‘புறநகர் இரயில்’ என்று இடத்தைக் கொண்டு பெயரிட்டனர். ஆனால் அங்கும் அதில் செல்வோர் வாயில் முதலில் வருவது ‘சீசன் டிக்கெட்’தான்.

இம்மூன்று பெயர்களுள் பொருளுக்கு மிக அணுக்கமானது சீட்டின் வழிவந்த பெயரே என்பது நம் கருத்து. தண்டவாளமும் பெட்டியும் நிலையமும் எல்லா இரயிலுக்கும் பொது. நாளை காலையிலும் இதே நேரத்தில் இவ்வண்டி வரும், மாலையில் நம்மைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் என்ற உறுதி இருந்தால்தான் ஒருவர் ஒரு திங்களுக்கான சீட்டை முன்னதாக வாங்குவார். அந்த உறுதியை அளிப்பது கால அட்டவணை. இவ்வுரையில் நாம் சொல்ல முற்படுவது இதுதான்: கிள்ளான் பள்ளத்தாக்கின் இரயில்பாதை 1886ஆம் ஆண்டிலேயே போடப்பட்டுவிட்டது, அது மக்களின் அன்றாட வண்டியாவதற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று, அவ்வாறு ஆனது கால அட்டவணை மாறியதால்தான். அட்டவணை தளரும்போது, இரும்பு முழுவதும் இருந்த இடத்திலேயே இருந்தும், அந்த வண்டி மக்களின் கையை விட்டுப் போய்விடுகிறது.

மலாயாவின் முதல் இரயில்பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளன்று தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே திறக்கப்பட்டது. இன்று கோல செபெத்தாங் எனப்படும் அத்துறைமுகத்திற்கும் தைப்பிங்கிற்கும் இடையிலான தொலைவு சுமார் 13 கிலோமீட்டர். அடுத்த ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவுக்குப் பாதை வந்தது. 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கும், 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்கும் பாதைகள் அமைந்தன. இந்நான்கையும் நிலப்படத்தில் குறித்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். எல்லாம் உள்நாட்டில் ஈயம் கிடைத்த இடத்திலிருந்து நேரே மேற்குக் கடற்கரைக்கு இறங்குகின்றன. ஒன்றோடு ஒன்று சேரவில்லை. சேரவேண்டிய தேவையை அன்று எவரும் உணரவுமில்லை. ஈயக்கட்டி கப்பலில் ஏறினால் போதும்; தைப்பிங்கிலிருப்பவர் கோலாலம்பூருக்குப் போகவேண்டும் என்பது எவருடைய கணக்கிலும் இல்லை.

கோலாலம்பூர்ப் பாதையின் பின்னணியைச் சற்று விரித்துச் சொல்லலாம். அதற்கு முன்னர் ஈயம் மாட்டுவண்டியில் டாமன்சாரா படகுத்துறைக்குச் சென்று, அங்கிருந்து ஆற்றுவழியே கிள்ளானை அடைந்தது. மழைக்காலத்தில் வண்டிப்பாதை சேறாகிவிடும். 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம் இந்த இடரைத் தீர்க்கவே இரயில்பாதையை வற்புறுத்தினார். 1886இல் பாதை திறக்கப்பட்டபோது அது ஆற்றைக் கடக்கவில்லை. புக்கிட் கூடாவில் இறங்கிப் படகில் மறுகரை சேரவேண்டியிருந்தது. 1890இல் கன்னாட் பாலம் கட்டப்பட்ட பிறகே இரயில் கிள்ளான் நகருக்குள் நுழைந்தது. 1901இல் கடல்முகத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டு, பாதையும் அங்குப் போய் முடிந்தது. 1972 முதல் போர்ட் கிள்ளான் என வழங்கும் இத்துறைமுகத்திலிருந்து இன்று கொமுட்டரில் ஏறுபவர், சிற்சில வளைவு நெளிவுகள் தவிர, அன்று ஈயம் வந்த வழியிலேயே தலைநகருக்குச் செல்கிறார்.

இப்பாதைகளை இட்ட கைகளைப் பற்றியும் இங்கே சொல்லியாகவேண்டும். தைப்பிங் பாதைக்கு இலங்கையிலிருந்து முன்னோடித் தொழிலாளர் படை வரவழைக்கப்பட்டது. சிலாங்கூரில் இரயில் பணிக்குத் தென்னிந்தியத் தொழிலாளரை வரவழைத்தவர்களுள் தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர். பத்துமலைத் திருத்தலத்தின் தொடக்கத்தோடு நாம் நினைவுகூரும் அதே தம்புசாமிப் பிள்ளைதான். காடு வெட்டி, மண் அணைத்து, கருங்கல் சல்லி கொட்டி, சிலிப்பர் கட்டையின்மேல் தண்டவாளத்தைப் பதித்தவர்களுள் பெரும்பங்கினர் தமிழர். பாதை முடிந்த பின்னும் அவர்கள் விலகவில்லை. ஒவ்வொரு சில கல் தொலைவிற்கும் ஒரு ‘கேங்’ அமர்த்தப்பட்டது. தண்டவாளத்தின் ஓரத்திலேயே அவர்களுக்கு லயன் வீடுகள் எழுந்தன. ஆணி தளர்ந்திருக்கிறதா, கட்டை உளுத்திருக்கிறதா, சல்லி நகர்ந்திருக்கிறதா என்று நாள்தோறும் நடந்து பார்ப்பது அவர்கள் வேலை. அவர்களுக்கு மேலே நிலைய அதிபராகவும் எழுத்தராகவும் அமர்ந்தவர்களுள் பலர் யாழ்ப்பாணத்துத் தமிழர். பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் ஒரே வேலையிடத்தில் இரண்டு தமிழ் வழக்குகள் சந்தித்தன. ஈழத்தவர் ‘புகையிரதம்’ என்றதைத் தென்னிந்தியர் ‘இரயில்’ என்றனர். இன்று நம் எழுத்தில் ‘இரயில்’ வென்றுவிட்டது. இருப்பினும் ‘நிலைய அதிபர்’ என்னும் ஈழத்துச் சொல்லை விட நாம் விரும்பவில்லை. மதிப்பும் பொறுப்பும் ஒருங்கே உள்ள சொல் அது.

1901இல் கூட்டு மலாய் மாநிலங்களின் இரயில்வே என ஒரே நிர்வாகம் அமைந்தது. 1909இல் பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான நெடும்பாதை முற்றுப்பெற்றது. கடற்கரைக்கு இறங்கிய குறும்பாதைகளை வடக்கு தெற்காக ஒரு நூல் கோத்தது எனலாம். 1910இல் ஹப்பாக் என்னும் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் கோலாலம்பூரின் பெரிய நிலையம் எழுந்தது. அதன் கோபுரங்களைப் பற்றி எழுதியவர் பலர்; நமக்கு இங்கே வேண்டுவது அதன் இருப்பிடம் மட்டுமே. வடக்கிலிருந்து வரும் பாதையும் சிரம்பானுக்குச் செல்லும் பாதையும் கிள்ளானுக்கு இறங்கும் பாதையும் நகர நடுவில் ஒரே குறுகிய தடத்தில் கூடும்படி அமைந்துவிட்டன. அன்று அது வசதி. நூறாண்டு கழித்து அதுவே பெரும் நெருக்கடியாகும்.

இதற்குள் ஈயத்தோடு இரப்பரும் சேர்ந்துகொண்டது. பாதையின் இருமருங்கிலும் தோட்டங்கள் விரிந்தன. போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலிலிருந்து இறங்கி, தனிமை முகாமில் நாள் கழித்து, இரயிலேறித் தோட்டம் சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிடையே உள்ளனர். ஆயினும் தோட்டத் தொழிலாளி இரயிலை நாள்தோறும் பயன்படுத்தியவரல்லர். அவருடைய வீடும் வேலையும் ஒரே தோட்டத்தில் இருந்தன. விழாவுக்கோ, மருத்துவமனைக்கோ, உறவினர் வீட்டுக்கோ செல்லும்போது மட்டுமே அவர் பயணியானார். வீடும் வேலையும் ஒரே இடத்தில் இருக்கும் சமுதாயத்திற்குப் போய்வரும் வண்டி தேவைப்படாது. இவ்வுண்மையை நினைவில் இருத்தினால்தான், பாதை இருந்தும் கொமுட்டர் ஏன் இத்துணைக் காலம் தாழ்த்தி வந்தது என்பது விளங்கும்.

சப்பானியர் ஆட்சிக் காலத்தில் இப்பாதைகள் அடைந்த அழிவு தனி வரலாறு. கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்களும் தம்பினிலிருந்து மலாக்கா சென்ற கிளைப்பாதையின் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டுச் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்கே வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பாமல் மாண்டனர். மலாக்காப் பாதை மீண்டும் போடப்படவே இல்லை. செந்தூல் பணிமனை 1945இல் குண்டுவீச்சுக்கு இலக்கானது. அவசரகாலத்தில் இரயில்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. இவற்றையெல்லாம் கடந்து ஓடிக்கொண்டிருந்த நிர்வாகத்தில், நாட்கூலியாக இருந்த தொழிலாளரை மாதச் சம்பளத்தில் அமர்த்தவேண்டும் என்று இரயில்வே தொழிற்சங்கம் 1962ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று வாரத்திற்கு மேல் வேலைநிறுத்தம் செய்தது. கேங் தொழிலாளரின் வாழ்க்கையை அதுபோல் மாற்றிய நிகழ்வு வேறொன்றும் இல்லை.

அதே ஆண்டுகளில்தான் வீடும் வேலையும் பிரியத் தொடங்கின. சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த இடத்தில் ஷா ஆலாம் நகர் எழுந்தது. சீபீல்ட் தோட்டத்தின்மேல் சுபாங் ஜெயா எழுந்தது. பால் வெட்டிய நிலம் தொழிற்சாலையாகவும் தாமானாகவும் மாற, அங்கே வாழ்ந்தவர்கள் கிள்ளானின் புறத்தேயும் காப்பாரிலும் ரவாங்கிலும் சுங்கை பூலோவிலும் வீடு தேடிப் போயினர். வேலையோ பெட்டாலிங் ஜெயாவிலும் கோலாலம்பூரிலும் பெருகியது. இடைவெளியை நிரப்பியது சாலை. கூட்டரசு நெடுஞ்சாலை அகலமாயிற்று. 1975 முதல் மினி பேருந்துகள் ஓடின. 1985இல் புரோட்டோன் கார் வந்தது. இவை அனைத்திற்கும் அருகிலேயே, சில இடங்களில் கல்லெறி தூரத்தில், ஒற்றைத் தண்டவாளம் ஒன்று நாளில் பெரும்பகுதி வெறிச்சோடிக் கிடந்தது. சரக்கு வண்டி ஒன்று போகும். நெடுந்தூர வண்டி ஒன்று வரும். 1980களின் இறுதியில் ‘இரயில் பேருந்து’ என்ற டீசல் வண்டிகளை வைத்து ஒரு முயற்சி செய்தனர். ஒற்றைத் தடத்தில் எதிர்வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்கவேண்டியிருந்த வரையில் அது பெரிதாக வளர வழியில்லை.

தடத்தை இரட்டையாக்கி மின்மயமாக்க வேண்டும் என்ற முடிவு இங்கேதான் பிறந்தது. ரவாங்கிலிருந்து சிரம்பான் வரையிலும், செந்தூலிலிருந்து போர்ட் கிள்ளான் வரையிலும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர்ப் பாதை மாற்றியமைக்கப்பட்டது. 1992இல் கேடிஎம் நிறுவனமாக்கப்பட்டது. 1995இல் நாட்டின் முதல் மின்சார இரயில் இப்பாதையில் ஓடியது. எல்ஆர்டி எனப்படும் இலகு இரயில் அதற்கடுத்த ஆண்டுதான் வந்தது. மின்தொடரிகள் ஆஸ்திரியா, தென்னாப்பிரிக்கா, தென்கொரியா ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வாங்கப்பட்டன. ஒவ்வொன்றும் மூன்று பெட்டிகள் கொண்டது.

தடம் மாறவில்லை எனில் மாறியது யாது? இதை விளக்கினால் கொமுட்டர் என்னும் முறையின் உள்ளமைப்பு தெளிவாகும். டீசல் இன்ஜின் இழுக்கும் வண்டியில் ஆற்றல் முழுவதும் முன்னால் உள்ள ஓர் இன்ஜினில் அடங்கியிருக்கிறது. அது மெல்லவே வேகம் பிடிக்கும். முனையத்தை அடைந்தால் இன்ஜினைக் கழற்றி மறுகோடிக்குக் கொண்டுவரவேண்டும். மின்தொடரியிலோ மோட்டார்கள் வண்டியின் பெட்டிகளுக்கு அடியிலேயே உள்ளன. மேலே செல்லும் 25,000 வோல்ட் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து விரைவில் வேகம் கூடும், விரைவில் நிற்கும். இரு கோடியிலும் ஓட்டுநர் அறை உண்டு. முனையத்தில் ஓட்டுநர் இறங்கி மறுகோடிக்கு நடந்து சென்றால் வண்டி திரும்பத் தயார். விரைவில் வேகம் கூடும் வண்டியால்தான் அடிக்கடி நிற்க முடியும். ஆகவே பழைய நிலையங்களுக்கு இடையே புதியவை முளைத்தன. பந்தாய் டாலாம், ஜாலான் டெம்ப்ளர், செரி செத்தியா, பாடாங் ஜாவா, தெலுக் காடோங் என்று நாம் இன்று சொல்லும் சிறு நிலையங்கள் ஈயத்திற்குத் தேவைப்பட்டவையல்ல. அவை நடந்து வந்து ஏறும் மனிதருக்காகவே அமைந்தவை. நடைமேடையை வண்டியின் தளத்திற்கு ஒப்ப உயர்த்தியதும் சிறு செய்தியன்று. படியேறித் தொங்கவேண்டிய இடத்தில் நேரே அடியெடுத்து வைத்து உள்ளே போகலாம். வண்டி நிற்கும் நேரம் குறையும். முதியவரும் கைக்குழந்தையோடு வருபவரும் ஏறலாம்.

பாதையின் அகலம் ஒரு மீட்டர் மட்டுமே. உலகின் பல நாடுகளில் உள்ள அகலம் 1,435 மில்லிமீட்டர். குறுகிய தடத்தில் மின்சாரப் புறநகர் வண்டி ஓடுமா என்ற ஐயத்திற்குச் சென்னை முன்பே விடை சொல்லியிருந்தது. தென்னிந்திய இரயில்வே கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மீட்டர் அகலப் பாதையில் மின்சார வண்டியை 1931ஆம் ஆண்டிலேயே ஓடவிட்டது. 2004 வரை அவ்வகல வண்டி அங்கே ஓடியது. தாம்பரம் வண்டியில் ஏறியிறங்கிப் பழகியவர் எவரேனும் 1995இல் கோலாலம்பூரில் இருந்திருந்தால் அவருக்கு இது புதுமையாகத் தோன்றியிராது.

பழைய தடத்தை எடுத்துப் புதிய பணிக்கு அமர்த்துவதில் பெரிய ஆதாயம் உண்டு. நகருக்குள் நிலம் வாங்கவேண்டியதில்லை, சுரங்கம் தோண்டவேண்டியதில்லை, தூண் நடவேண்டியதில்லை. ஆதலால் நகரத்தோடு நின்றுவிடாமல் வெகுதொலைவிற்கு நீளலாம். இலகு இரயில் நகரத்தின் வண்டி; கொமுட்டர் ஒரு வட்டாரம் முழுவதற்கும் உரிய வண்டி. வடக்கே 2009இல் தஞ்சோங் மாலிம் வரையும், 2010இல் பத்துமலை வரையும், 2015இல் தெற்கே பூலாவ் செபாங் வரையும் கொமுட்டர் நீண்டது இவ்வகையில்தான். ஈப்போவுக்கு வடக்கே பாடாங் பெசார் வரை மின்மயப் பாதை அமைந்தபின், 2015 முதல் பட்டவொர்த்தையும் புக்கிட் மெர்தாஜாமையும் நடுவாகக் கொண்டு வடபுலத்திற்கும் ஒரு கொமுட்டர் கிடைத்தது.

ஆனால் பழைய தடம் தன் பழைய கணக்கையும் உடன் கொண்டுவருகிறது. ஈயத்திற்காக வகுத்த பாதை, மக்கள் குடியிருக்கும் இடத்தைத் தேடி வளைவதில்லை. சுபாங் ஜெயாவின் ஓரத்தில் நிலையம் இருக்கிறது. வீடுகளோ கிலோமீட்டர் கணக்கில் அப்பால் பரந்துள்ளன. நிலையத்திலிருந்து வீடு வரையிலான அந்தக் கடைசித் துண்டுப் பயணத்தைச் சிற்றுந்தோ மிதிவண்டிப் பாதையோ ஏற்காவிட்டால், கார் வைத்திருப்பவர் காரிலேயே நகருக்குப் போய்விடுவார். கார் இல்லாதவர் வெயிலில் நடப்பார். கொமுட்டரை நடத்துவது ஒரு நிறுவனம், எல்ஆர்டியையும் பேருந்தையும் நடத்துவது வேறொன்று. ஒரே பயணத்தில் இரண்டிலும் ஏறுபவர் இரண்டு கட்டணம் செலுத்துகிறார். சீட்டிலிருந்து பெயர் பெற்ற ஒரு முறைக்கு இது வேடிக்கையான முரண்.

இதனினும் பெரிய இடர் தடத்தைப் பகிர்ந்துகொள்வதில் உள்ளது. கிள்ளான் வழியும் சிரம்பான் வழியும் கோலாலம்பூர் நடுவில் ஒன்றுகூடும் அந்தக் குறுகிய பகுதியை முன்னர்க் குறிப்பிட்டோம். இரு வழிகளிலும் 15 நிமிடத்திற்கு ஒரு வண்டி விடவேண்டுமானால், அந்நடுப்பகுதியில் ஒவ்வொரு திசையிலும் ஏழரை நிமிடத்திற்கு ஒரு வண்டி செல்லவேண்டும். அவற்றின் இடையே 2010 முதல் ஓடும் இடிஎஸ் விரைவு வண்டிகள் நுழையவேண்டும். போர்ட் கிள்ளானிலிருந்து வடக்கே செல்லும் நீண்ட கொள்கலன் சரக்கு வண்டிகளும் நுழையவேண்டும். ஒன்று தாமதித்தால் பின்வரும் அனைத்தும் தாமதிக்கும். செம்பிற்காக மின்வடத்தை அறுத்துச் செல்லும் திருடர்கள் ஒரு பகுதியில் சமிக்ஞையை முடக்கினால், ரவாங்கில் நிற்பவரும் காஜாங்கில் நிற்பவரும் ஒருசேரக் காத்திருப்பர்.

காத்திருப்பு என்பதன் கணக்கு எளியது. 15 நிமிடத்திற்கு ஒரு வண்டி என்றால், நேரம் பாராமல் நிலையத்திற்கு வருபவர் சராசரியாக ஏழரை நிமிடம் நிற்பார். அரை மணிக்கு ஒன்று என்றால் 15 நிமிடம். ஒன்றைத் தவறவிட்டால், அல்லது ஒன்று ஓடாமல் போனால், முழு அரை மணி அல்லது ஒரு மணி. ஆலையில் ஏழு மணிக்கு அட்டை குத்தவேண்டியவருக்கு இந்த வேறுபாடு சம்பளப் பிடித்தமாக வந்து முடியும். அவர் ஒருமுறை பொறுப்பார், இருமுறை பொறுப்பார். மூன்றாம் முறை கடன் வாங்கியேனும் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிவிடுவார். அதன்பின் அவர் திரும்புவதில்லை.

இது கற்பனைக் கணக்கன்று. நம் கண்முன் நடந்ததே. 1990களில் வாங்கிய அறுபதுக்கு மேற்பட்ட மின்தொடரிகளுள் பல, உதிரிப்பாகம் இன்றிப் பத்து, பதினைந்து ஆண்டுகளில் பணிமனையில் முடங்கின. மூன்று நாடுகளில் மூன்று வகையாக வாங்கியதன் விளைவும் அதில் உண்டு. ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. பெட்டிக்குள் மூச்சு முட்டும் நெரிசல் நாளிதழ்களில் நாளும் வந்த காலம் அது. 2010இல் பெண்களுக்கெனத் தனிப்பெட்டி ஒதுக்கப்பட்டதும் அந்நெரிசலின் பின்னணியில்தான். 2012 முதல் சீனாவில் செய்யப்பட்ட, ஆறு பெட்டிகள் கொண்ட 38 புதிய தொடரிகள் வந்தன, இடைவெளி சுருங்கியது, மக்கள் திரும்பினர். 2015ஆம் ஆண்டளவில் கிள்ளான் பள்ளத்தாக்கின் கொமுட்டர்ப் பயணங்கள் ஆண்டுக்கு 50 மில்லியனை நெருங்கின. பின்னர் 2016 முதல் தேய்ந்துபோன இரட்டைத் தடத்தைப் புதுப்பிக்கும் பணி கட்டம் கட்டமாகத் தொடங்கியது. வேண்டிய பணிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு தடத்தை மூடிப் பணி செய்யும்போது மற்றொன்றில் இருதிசை வண்டிகளும் ஓடவேண்டும். இடைவெளி அரை மணிக்கும் மேலாயிற்று. சில ஆண்டுகளுக்குள் பயணங்கள் 40 மில்லியனுக்குக் கீழே இறங்கின. தண்டவாளம் புதிதாகிக்கொண்டிருந்தபோதே பயணிகள் போய்க்கொண்டிருந்தனர்.

போனவர்கள் யாவரும் காரில் போனவர்கள் என்று எண்ணலாகாது. வண்டி ஓட்ட இயலாத முதியவர், உரிமம் பெறும் வயது வராத மாணவர், இரவு வேலை முடித்து வரும் பெண்கள், ஒரே மோட்டார் சைக்கிளை நம்பி வாழும் குடும்பங்கள் ஆகியோருக்கு மாற்று எளிதன்று. தோட்டத்தை விட்டு நகரத்தின் விளிம்பிற்குத் தள்ளப்பட்ட குடும்பங்கள் இவர்களுள் கணிசமாக உள்ளன. இப்பாதையைத் தாத்தா சீர்செய்தார் என்று சொல்லிக்கொள்ளும் பேரன், அதே பாதையில் வேலைக்குப் போகமுடியாமல் மாதாமாதம் மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டுகிறான்.

அட்டவணையை மாற்றினால் என்ன ஆகும் என்பதைக் காட்ட ஆண்டுதோறும் ஒரு சோதனை நம்மிடையே நடக்கிறது. செந்தூலிலிருந்து பத்துமலைக்குப் போகும் பாதை, பல காலம் பயணி வண்டி இன்றிக் கிடந்த கிளைத்தடம். 2010இல் அது மின்மயமாகி, பத்து கெண்டோன்மன், கம்போங் பத்து, தாமான் வாயு ஆகிய நிலையங்களோடு கொமுட்டரின் பகுதியாயிற்று. தைப்பூச நாள்களில் அத்தடத்தில் இரவு முழுவதும் வண்டி விடுகிறார்கள். பால்குடம் ஏந்தியவரும் குழந்தையைத் தோளில் சுமந்தவரும் நள்ளிரவில் நடைமேடையில் இறங்கி, சில நிமிட நடையில் குகையடிவாரம் சேர்கின்றனர். கார் நிறுத்த இடம் தேடி அலைந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்நாள்களுக்கெனத் தனித் தண்டவாளமோ தனிப்பெட்டிகளோ வருவதில்லை. தொடரிகளும் ஓட்டுநர்களும் கூடுதலாக அங்கே ஒதுக்கப்படுகிறார்கள், அவ்வளவுதான். விழா முடிந்த மறுநாள் பழைய இடைவெளி திரும்பிவிடுகிறது.

அன்றாடத்திற்கும் அதைச் செய்வதற்கு முதலில் தடத்தில் இடம் வேண்டும். சரக்கு வண்டிகளைக் கோலாலம்பூர் நடுவே விடாமல், செரண்டாவிலிருந்து நேரே போர்ட் கிள்ளானுக்குத் திருப்பும் புறவழிப் பாதை ஒன்று பல ஆண்டுகளாகத் திட்ட அளவில் பேசப்பட்டு வருகிறது. கிழக்குக்கரை இரயில் திட்டத்தின் அகலப் பாதையும் சிலாங்கூரின் வடபுறமாக வந்து, போர்ட் கிள்ளானை அடுத்த ஜாலான் கஸ்தாமில் முடியும்படி வகுக்கப்பட்டுள்ளது. சரக்கு அவ்வழிகளில் செல்லுமானால், 1886இல் ஈயத்திற்காகப் போட்ட தடத்தில் நகர நடுவே கொமுட்டரோடு மோதும் வண்டிகள் குறையும். அங்கே 15 நிமிடத்திற்கு ஒரு வண்டி என்னும் பழைய அட்டவணைக்கு இடம் கிடைக்கும்.